மூன்றுக்குப் பூஜ்யம்

1

எங்கள் தொழிலில் ஒரு சர்வர் நடுராத்திரியில் விழுந்து, விடிவதற்குள் எழுந்துவிட்டால் இரண்டு ஆவணங்கள் மிஞ்சும். ஒன்று லாக். நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடந்தது, யார் எதை முயன்றார், எது பலிக்கவில்லை என்று தானாகப் பதிவாகிக்கொண்டே போவது. இன்னொன்று இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து எழுதும் ஆர்சிஏ, அதாவது மூல காரண அறிக்கை. அதில் எல்லாம் தெளிவாக இருக்கும். இது உடைந்தது, அதனால் அது நின்றது, இப்படிச் சரிசெய்தோம். அதைப் படித்தால் அன்றிரவு அழைப்பில் இருந்த எல்லோருக்கும் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது போலவே தோன்றும். மூன்று மணிக்கு யாருக்கும் ஒரு மண்ணும் தெரியாது என்பது லாகைப் படித்தவனுக்குத்தான் தெரியும்.

விளையாட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஆர்சிஏக்கள். ஸ்டீபன் கிங்கும் ஸ்டூவர்ட் ஓநானும் சேர்ந்து எழுதிய ‘ஃபெய்த்ஃபுல்’ ஒரு லாக். அந்த வித்தியாசத்துக்காகவே அதைப் பற்றி எழுதவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாவலாசிரியர்கள். இருவரும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் தீராத ரசிகர்கள். 2004ஆம் ஆண்டு சீசனை, வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களிலிருந்தே, நாட்குறிப்பாக எழுதுவது என்று முடிவுசெய்கிறார்கள். இருவரும் மாறி மாறி எழுதுகிறார்கள், இடையிடையே ஒருவருக்கொருவர் அனுப்பிய மின்னஞ்சல்கள். கிங்கின் பகுதிகள் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அவ்வளவுதான் வடிவம். முடிவு என்னவாகும் என்று தெரியாமல் ஆரம்பித்த புத்தகம். அந்த முடிவு என்னவாயிற்று என்பது இன்று உலகத்துக்கே தெரியும். ஆக, நாம் படிப்பது அவர்கள் எழுதிய புத்தகத்தையே அல்ல. அவர்கள் இருட்டில் நடந்தார்கள், நாம் கையில் டார்ச்சோடு அவர்கள் பின்னால் போகிறோம்.

2

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு நாலு வரி. கிரிக்கெட்டின் தூரத்து உறவு, ஆனால் வீட்டுப் பழக்கங்கள் வேறு. ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் இருபத்தேழு. மொத்த ஆட்டத்துக்கு நேர வரம்பு கிடையாது, டிரா கிடையாது. இருபத்தேழாவது அவுட் விழும்வரை ஆட்டம் கணக்கில் உயிரோடுதான் இருக்கும். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமம் என்றால் பத்து, பதினொன்று என்று விடிய விடியப் போகும். சீசன் முழுக்க 162 ஆட்டங்கள். அதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபரில் ப்ளே-ஆஃப். அதன் கடைசி இரண்டு கட்டங்களிலும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு வென்றவர் மேலே போகலாம்.

ரெட் சாக்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1918இல். 1919 இறுதியில் பேப் ரூத் என்ற இளைஞனை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார்கள். அதன்பின் யாங்கீஸ் கோப்பைகளாக அடுக்கியது. பாஸ்டன் 1946, 1967, 1975, 1986 என்று நான்கு முறை உலகத் தொடருக்குப் போய், நான்கு முறையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. 1986இல் வெற்றிக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி இருந்தபோது கைநழுவியது. 2003 அக்டோபர் 16 அன்று, உலகத் தொடருக்கு முந்தைய கட்டத்தின் ஏழாவது ஆட்டத்தில், பதினொன்றாவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஒரே அடியில் யாங்கீஸிடம் மறுபடி போயிற்று.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2004 அக்டோபர் 16. அதே கட்டம், அதே எதிரி. முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றுவிட்டு பாஸ்டன் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வந்திருக்கிறது. மூன்றாவது ஆட்டத்தின் ஸ்கோர்: யாங்கீஸ் 19, ரெட் சாக்ஸ் 8.

மூன்றுக்குப் பூஜ்யம். பேஸ்பால் வரலாற்றில் அந்த இடத்திலிருந்து எந்த அணியும் ஒரு ஏழு ஆட்டத் தொடரை வென்றதில்லை.

3

‘ஃபெய்த்ஃபுல்’ நல்ல புத்தகமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. நானூறு பக்கங்களுக்கு மேல். மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் யார் எந்த பேஸில் நின்றார் என்பது இருபது வருடம் கழித்து, வேறு கண்டத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எதற்கு? ஓநான் மைதானத்துக்கு முன்னதாகவே போய், பயிற்சியின்போது வரும் பந்துகளைப் பிடிக்க ஒரு வலையோடு நிற்பவர். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆட்டக்காரன்வரை தெரிந்தவர். அவர் பகுதிகளில் தகவல் குவிகிறது. கிங் குறைவாக எழுதுகிறார், நிறைய புலம்புகிறார். திகில் கதை எழுதிப் பழகிய கை. கதவுக்குப் பின்னால் ஏதோ நிற்கிறது என்பது அவருக்கு முன்பே தெரியும், திறக்கும்வரை நமக்குச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சலிப்பு வேண்டியிருக்கிறது என்று இரண்டாம் வாசிப்பில் தோன்றியது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒன்றுமே ஆகாமல் போன பிறகுதான் அக்டோபர் வருகிறது. ரசிகனின் வாழ்க்கையும் அப்படித்தானே? பெருந்தருணங்களின் தொகுப்பு வீடியோ ஐந்து நிமிடம் ஓடும். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஆறு மாதம் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி அந்த வீடியோவில் ஒன்றும் இருக்காது. இந்தப் புத்தகம் அவனைப் பற்றியது.

தமிழில் யோசிக்கும்போது தலைப்பு எனக்கு ஒரு உதவி செய்தது. ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இரண்டு வேலை பார்க்கிறோம். ‘ஜெயிப்பாங்கன்னு நம்பிக்கை இருக்கு’ என்பது ஒரு கணிப்பு, அதற்கு சதவீதம் போடலாம். ‘அவர் மேல நம்பிக்கை இருக்கு’ என்பது வேறு. கிங்கும் ஓநானும் தலைப்பில் வைத்திருக்கும் சொல்லுக்கு நம்மிடம் நெருக்கமானது ‘விசுவாசம்’. வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அதே சொல், தேவாலயத்தில் மண்டியிடுபவருக்கும் அதே சொல். அதில் கணிப்பே கிடையாது. நாய் எந்த நிகழ்தகவையும் கணக்கிடுவதில்லை.

19-8க்குப் பிறகு பாஸ்டனில் முதல் வகை நம்பிக்கை ஒருவரிடமும் இருந்திருக்க நியாயமில்லை. இருந்ததெல்லாம் இரண்டாம் வகை. மறுநாள் ஞாயிறு இரவு நான்காவது ஆட்டத்துக்கு மைதானம் நிரம்பியது. ஒரு ரன்னில் பின்தங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸில், எதிரே மரியானோ ரிவேரா. ஆட்டத்தை முடித்துக்கொடுக்க வரும் பந்துவீச்சாளர்களை க்ளோசர் என்பார்கள். அந்த வேலையில் அவரைவிடச் சிறந்தவர் இல்லை என்பது அன்றும் இன்றும் பொதுக் கருத்து. கெவின் மில்லார் பந்தை அடிக்காமலேயே, நாலு மோசமான பந்துகளின் புண்ணியத்தில் முதல் பேஸுக்கு நடந்தார். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் இறக்கப்பட்டார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து அவரைப் பிடிக்கப் பார்த்தார். அடுத்து அடிப்பவருக்குப் பந்து போன கணத்தில் ராபர்ட்ஸ் ஓடினார். இரண்டாவது பேஸை அவர் கை தொட்டதற்கும் டெரெக் ஜீட்டரின் கையுறை அவரைத் தொட்டதற்கும் நடுவே ஒரு இமைப்பொழுது. பில் ம்யூலர் அடித்தார். சமம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில், டேவிட் ஓர்டிஸ் அடித்த ஹோம் ரன்னோடு ஆட்டம் முடிந்தபோது மணி அதிகாலை 1.22.

அதன் பிறகு நடந்தது: ஐந்தாவது ஆட்டம் பதினான்கு இன்னிங்ஸ், பாஸ்டன் வெற்றி. ஆறாவது ஆட்டத்தில் கணுக்காலில் தையல் போட்டுக்கொண்டு, ரத்தம் கசியும் காலுறையோடு கர்ட் ஷில்லிங் பந்துவீசினார், பாஸ்டன் வெற்றி. ஏழாவது 10-3. உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்குக்குப் பூஜ்யம் என்று துடைத்தார்கள். அக்டோபர் 27, முழுச் சந்திர கிரகண இரவில் எண்பத்தாறு வருடம் முடிந்தது.

பாருங்கள், நானே ஒரு ஆர்சிஏ எழுதிவிட்டேன். எல்லாம் நடந்தே தீரவேண்டியவை மாதிரி ஒரு பத்தியில் வரிசையாக நிற்கின்றன. லாகில் அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு இரவும் அடுத்த இரவு தெரியாமல் முடிகிறது.

4

கிங் இதற்கு ஐந்து வருடம் முன்பே இதே விஷயத்தைப் புனைவில் தொட்டிருந்தார். 1999இல் வந்த ‘டாம் கோர்டனை நேசித்த சிறுமி’. ஒன்பது வயது ட்ரிஷா. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். ஒரு மலைநடையில் அம்மாவும் அண்ணனும் ஓயாமல் சண்டைபோட்டுக்கொண்டே போக, சிறுமி வழியைவிட்டு ஒதுங்கி, காட்டில் தொலைந்துபோகிறாள். கையில் ஒரு வாக்மேன். இரவில் அதில் ரெட் சாக்ஸ் ஆட்டத்தின் வர்ணனை கேட்கிறது. தலையில் க்ளோசர் டாம் கோர்டன் கையெழுத்திட்ட தொப்பி. கோர்டன் நிஜ மனிதர், 1998இல் அவர் இருந்த லீகிலேயே அதிகமாக 46 ஆட்டங்களைக் காப்பாற்றி முடித்தவர். முடித்ததும் வானத்தைப் பார்த்து விரல் நீட்டுவார். ட்ரிஷா அவரைக் கற்பனையில் கூடவே நடத்திக்கொண்டு போகிறாள். நாவலின் அத்தியாயங்களும் இன்னிங்ஸ்களாகவே பிரிக்கப்பட்டிருக்கின்றன.

சிறிய நாவல், கிங்கின் கட்டுப்பாடான நாவல்களில் ஒன்று. ஆனால் முடிவில் எனக்கு ஒரு குறை உண்டு. கரடி எதிரே வர, சிறுமி பந்துவீச்சாளரைப் போல நின்று வாக்மேனை அதன்மேல் எறிகிறாள், பிழைக்கிறாள். விசுவாசத்துக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து, ஒரு இன்னிங்ஸ் கேட்டுவிட்டு அணைத்துவைக்கும் சிறுமிதான் எனக்கு நிஜம். அந்தக் குரல் அவளுக்கு வழிகாட்டவில்லை, சோறு போடவில்லை. எங்கோ வெளிச்சத்தில் மனிதர்கள் ஒரு ஒழுங்கோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. ஒரு ராத்திரிக்கு அது போதும்.

வாழ்க்கை இந்த நாவலுக்கு ஒரு அடிக்குறிப்பு எழுதியது. 2004இல் டாம் கோர்டன் எங்கே இருந்தார் தெரியுமா? யாங்கீஸில். ஐந்தாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் இரண்டு ரன் பின்தங்கியிருக்க, ஓர்டிஸ் ஒரு ஹோம் ரன் அடித்து அணிக்கு உயிர் கொடுத்தார். அந்தப் பந்தை வீசியவர் சாட்சாத் அதே கோர்டன். ட்ரிஷா நிஜமாக இருந்திருந்தால் அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. தொப்பியில் கையெழுத்திட்டவர் தோற்கவேண்டும் என்று தொண்டை வறளக் கத்தியிருப்பாள். ஆட்டக்காரர்கள் வேலை மாறுவார்கள், நாம் மாறுவதைப் போல. ரசிகன் மட்டும் கம்பெனி மாறமாட்டான். யோசித்துப் பார்த்தால் இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான்.

5

பைத்தியக்காரத்தனம் மட்டும் என்றால் பரவாயில்லை. விசுவாசத்துக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. ரெட் சாக்ஸ் பற்றிய எழுத்தில் அதை மறைக்கப் பயன்பட்ட சொல் ‘சாபம்’.

பேப் ரூத்தை விற்றதால் வந்த சாபம் என்பதை ஏதோ எண்பது வருடப் பாட்டிக்கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டான் ஷாக்னெஸி என்ற பாஸ்டன் பத்திரிகையாளர் அதே பெயரில் எழுதிய புத்தகம்தான் அதைப் பரவலாக்கியது, அது வந்தது 1990இல். 1986இன் வலி ஆறாத ஊருக்கு ஒரு ஆர்சிஏ தேவைப்பட்டது, கிடைத்தது. அழகான அறிக்கை. மூல காரணம்: செத்துப்போன ஒரு பருமனான மனிதர்.

லாக் வேறு சொல்கிறது. 1945 ஏப்ரல் 16 அன்று ஃபென்வே பார்க்கில் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் ஜாக்கி ராபின்சன். மூவரில் யாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. ராபின்சன் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி அமெரிக்க விளையாட்டின் வரலாற்றையே மாற்றினார். ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரான பம்ப்ஸி கிரீனைக் களமிறக்கியது 1959இல். பெரிய லீக் அணிகள் அத்தனையிலும் கடைசி. தேசத்தின் திறமையில் ஒரு பெரும் பங்கைப் பன்னிரண்டு வருடம் வேண்டாம் என்று சொன்ன அணி தோற்றதற்கு விளக்கம் சொல்லப் பேய் எதற்கு? பலகை வைத்து எழுதியிருக்கும் காரணம் இது.

அந்த வருடங்களிலும் விசுவாசிகள் டிக்கெட் வாங்கினார்கள். முதலாளி எதைச் செய்தாலும் விட்டுப்போகாதவன் முதலாளிக்கு எவ்வளவு வசதி! சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பில்லை. ரசிகனுக்குத் துக்கம் கிடைக்கிறது, நிர்வாகத்துக்கு மன்னிப்பு கிடைக்கிறது.

வெற்றிக்கும் இதேபோல லௌகீகமான காரணங்கள் இருந்தன. 2002இல் அணி தியோ எப்ஸ்டீன் என்ற இருபத்தெட்டு வயதுக்காரரைப் பொது மேலாளராக்கியது. ஒரு பதப்படுத்தப்பட்ட உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்தபடி பேஸ்பால் எண்களை ஆராய்ந்து புத்தகம் போட ஆரம்பித்த பில் ஜேம்ஸை ஆலோசகராக்கியது. 2004 ஜூலை 31 அன்று, ஊரே கொண்டாடிய நோமார் கார்சியபாராவை வேறு அணிக்கு அனுப்பினார்கள். அன்றே, அதிகம் பேர் கவனிக்காமல், ஓடத் தெரிந்த ஒருவரை வாங்கிப்போட்டார்கள். பெயர் டேவ் ராபர்ட்ஸ். அக்டோபரில் அவர் எடுத்த அந்த ஓட்டத்தின் விதை இங்கே இருக்கிறது, ஒரு எக்செல் ஷீட்டின் ஓரத்தில்.

அப்படியானால் விசுவாசம் என்ன செய்தது? பொறியாளனாக என் பதில்: ஆட்டத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. எண்பத்தாறு வருடப் பிரார்த்தனைகளை எடுத்துவிட்டாலும் ராபர்ட்ஸ் அதே வேகத்தில்தான் ஓடியிருப்பார்.

6

இந்தப் பதிலை ஏற்க மறுக்கும் படைப்பு ‘ஃபீவர் பிட்ச்’, 2005 ஏப்ரலில் வெளியான ஹாலிவுட் படம். நிக் ஹார்ன்பி 1992இல் ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகனாகத் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்தை எடுத்து, பாஸ்டனுக்கு இடம்மாற்றி, காதல் நகைச்சுவையாக்கினார்கள். ஃபாரெலி சகோதரர்கள் இயக்கம், ஜிம்மி ஃபாலன், ட்ரூ பேரிமோர். நம் கிங்கும் ஒரு காட்சியில் முதல் பந்தை எறிந்துவிட்டுப் போகிறார்.

இதன் திரைக்கதை ரெட் சாக்ஸ் வழக்கம்போலத் தோற்கும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. அணியோ ஜெயித்துத் தொலைத்தது. படக்குழு செயின்ட் லூயிஸுக்கு ஓடி, வெற்றிக் கொண்டாட்டத்துக்கு நடுவிலேயே நாயகனையும் நாயகியையும் மைதானத்தில் இறக்கிப் படம் பிடித்தது. சினிமா வரலாற்றில் இது ஒரு சுவையான தகவல். சினிமாவாக ஒரு விபத்து. நான்காவது ஆட்டத்தின்போது காதலன் அவளுக்காகத் தன் சீசன் டிக்கெட்டுகளை விற்கப் பார்க்க, அதைத் தடுக்க அவள் மைதானத்தின் குறுக்கே ஓடுகிறாள். அதற்குப் பிறகு அணி எழுந்து நிற்கிறது. அதாவது ஒரு காதல் சாபத்தை முறித்தது. ஷாக்னெஸியின் பேய்க்கதைக்கு எதிர்ப்பதமாக ஒரு தேவதைக்கதை. இரண்டிலும் ஆட்டக்காரர்களுக்கு வேலையில்லை.

ஹார்ன்பி இந்தத் தவறைச் செய்யவில்லை. 1989இல் லிவர்பூல் மைதானத்தில் கடைசி நிமிடத்தில் ஆர்சனல் கோப்பையை வென்ற இரவு அவர் புத்தகத்திலும் உண்டு. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் அதைத்தான் முடிவாக வைப்பார். ஹார்ன்பியின் புத்தகமோ அதைத் தாண்டிப் போகிறது. மறுபடி சாதாரண சனிக்கிழமைகள், மறுபடி சலிப்பான ஆட்டங்கள், மறுபடி தோல்விகள். ஒரு ரசிகனின் கதை வெற்றியோடு முடிவதில்லை, ஏனென்றால் அடுத்த சீசன் வரும். இந்த எளிய உண்மை தெரிந்த புத்தகம் அது. ‘ஃபெய்த்ஃபுல்’ இந்த இடத்தில் நடுவில் நிற்கிறது. வெற்றியோடுதான் முடிகிறது, ஆனால் அதற்கு ஆசிரியர்கள் பொறுப்பல்ல. 19-8இல் முடிந்திருந்தாலும் அச்சுக்குப் போயிருக்கும். வாசகர் குறைந்திருப்பார்கள். புத்தகம் குறைந்திருக்காது என்று நினைக்கிறேன். சொல்லப்போனால் அது எழுதப்பட்டதே அந்த முடிவுக்குத் தயாராகத்தான்.

7

எனக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தவர் ஒரு டெஸ்டிங் லீட். 2013இல் பாஸ்டன் புறநகர் ஒன்றில் ஆன்சைட்டில் இருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அந்த அக்டோபரிலும் ரெட் சாக்ஸ் முன்னேறிக்கொண்டிருந்தது. ஆபீஸில் எல்லோரும் அணியின் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். இவர் மட்டும் வழக்கமான நீலச் சட்டை. ‘நீங்க பார்க்கறதில்லையா?’ என்று கேட்டேன். மறுநாள் என் மேசையில் இந்தப் புத்தகம் இருந்தது. உள்ளே ஓரங்களில் பென்சிலில் தேதிகள்.

அந்த மாதக் கடைசியில் அணி கோப்பையை வென்றது, 1918க்குப் பிறகு முதல்முறையாகச் சொந்த மைதானத்தில். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது அவராகவே பேசினார். அவர் அப்பா 2004 ஆகஸ்டில் இறந்திருக்கிறார். அறுபது வருடம் ரேடியோவில் ஆட்டம் கேட்டவர். இரண்டே மாதம். அந்த அக்டோபர் முடிந்ததும் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் தொப்பிகளும் கொடிகளும் முளைத்தன. ஜெயித்ததைப் போய்ச் சொல்ல ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இருந்தார்கள்.

‘எல்லாரும் எங்கிட்ட அதையே சொன்னாங்க. பாவம், பார்க்காமப் போயிட்டாரேன்னு. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அறுபது வருஷம் பார்த்த மனுஷனை எதைப் பார்க்கலைன்னு சொல்றீங்க?’

‘நீங்களும் கல்லறைக்குப் போனீங்களா?’

‘போனேன். ஜெயிச்சதுக்கு அப்புறம் இல்ல. மூணாவது ஆட்டத்துக்கு மறுநாள் காலைல.’

‘என்ன சொன்னீங்க?’

‘பத்தொன்பதுக்கு எட்டுன்னு சொன்னேன். ஒவ்வொரு இன்னிங்ஸா, யார் யார் பந்து போட்டான்னு. அப்பாவுக்கு அந்த மாதிரிதான் சொல்லணும். நடுவுல எதையும் விடக்கூடாது.’

விசுவாசம் ஆட்டத்துக்கு ஒன்றும் செய்வதில்லை என்று மேலே எழுதினேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்று கேட்டால் எனக்கு இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் நினைவுக்கு வருகிறது. இன்னும் ஒரு வெற்றிகூட வரவில்லை. ராபர்ட்ஸ் ஓட இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. ஒரு மனிதர் ஈரப் புல்லில் நின்று, நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் தன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாபம் என்று சொல்லவில்லை, நாளைக்கு ஜெயிப்போம் என்றும் சொல்லவில்லை.

புத்தகத்தில் அக்டோபர் 16க்கான பக்கத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் ஒன்று மட்டும் குறித்திருந்தார். காலை 7.40.

ஊருக்குக் கிளம்பும்போது புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ‘வெச்சுக்கோ, எனக்கு முடிவு தெரியும்’ என்றார்.